பாரம்பரியச் சுற்றுலாவால் ஒரு சிற்றூர் மீண்டெழ முடியுமா: எதிலிருந்து தொடங்குவது?

வேர்த்தேடல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறிவிட்ட, பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிற, கைத்தொழில் தெரிந்தவர்களில் முதியவர்கள் மட்டுமே எஞ்சியிருக்கிற ஒரு சிற்றூரின் மக்கள், பாரம்பரியச் சுற்றுலாவைக் கொண்டு தங்கள் ஊரை மீட்க இயலுமா என்று ஆலோசித்துவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. ஊரின் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். இதே நிலையில் உள்ள ஊர்கள் உலகெங்கும் இருப்பதால், பெயர் தெரியாமலேயே இதை விவாதிக்க முடியும் என்று நம்புகிறேன்.

நான் படித்த திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. வீட்டு முகப்புகளுக்கு வண்ணம் பூசுவார்கள், ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டுவார்கள், ஒரு விழாவை அறிவிப்பார்கள், இணையதளம் தொடங்குவார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த ஊரில் எத்தனை பேர் திரும்பி வந்து குடியேறினார்கள், எத்தனை பேர் பழைய தொழிலைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள் என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. வந்துபோன பயணிகளின் எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

ஆகவே என் கேள்வி இதுதான்: முதல் பயணி வந்து இறங்குவதற்கு முன்பே ஊர் தனக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டியவை எவை? அனுபவமோ வாசிப்போ உள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நெல்மணி

வேர்த்தேடல் அவர்களுக்கு வணக்கம். 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் கட்டடமும் ஆடையும் நடனமும் தோன்றுகின்றன. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் செய்துவரும் வேலை இருக்கிறது. அந்த வேலை நின்றால் சில பருவங்களுக்குள் பாரம்பரியமும் நின்றுவிடும். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் உள்ள இஃபுகாவ் மக்களின் மலைச்சரிவு நெல்வயல்கள்.

அந்தப் படிக்கட்டு வயல்களை 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆறே ஆண்டுகளில், 2001-இல், அவை 'ஆபத்திலுள்ள மரபிடங்கள்' பட்டியலுக்குச் சென்றன. போர் எதுவும் அங்கே நடக்கவில்லை. இளைஞர்கள் வயலை விட்டுச் சென்றதால் வரப்புச் சுவர்களைச் செப்பனிட ஆளில்லை. மேட்டிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்களைத் தூர்வாரவும் ஆளில்லை. ஒரு சுவர் சரிந்தால் அதன் கீழுள்ள வயல்களும் சேர்ந்து சரிகிற அமைப்பு அது. பயணிகள் அந்த ஆண்டுகளிலும் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த பணம் விடுதிக்கும் வண்டிக்கும் சென்றதே தவிர, சுவர் அடுக்குகிறவரின் கைக்குச் செல்லவில்லை. பயணிகளுக்கு விற்கும் மரச்சிற்பங்களுக்காக, வயல்களுக்கு நீர் பிடித்துத் தரும் குடும்பக் காடுகளிலேயே மரங்கள் வெட்டப்பட்டன என்பது இன்னும் வருத்தமான செய்தி. வாய்க்கால்களையும் சுவர்களையும் மீட்கும் பணி நீண்ட காலம் நடந்த பிறகுதான், 2012-இல், அந்த ஆபத்துப் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன.

இதே மக்களிடம் 'ஹுத்ஹுத்' என்றொரு நெடும்பாடல் மரபு உள்ளது. முதிய பெண்ணொருத்தி முன்னின்று பாட, மற்றவர்கள் சேர்ந்திசைப்பார்கள். விதைப்பிலும் அறுவடையிலும் துக்க இரவுகளிலும் பாடப்படும் இதை 2001-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. கைஅறுவடையே இல்லாத ஓரிடத்தில் அறுவடைப் பாடலை எங்கே பாடுவது? மேடையில் பாடலாம்தான். ஆனால் வயலில் பாடுகிறவர்களோடு சேர்ந்து பாடிப் பாடி ஒரு சிறுமி கற்றுக்கொண்ட வழியை மேடை தரமுடியாது.

உங்கள் குறிப்பின் முதல் பக்கத்தில் சுற்றுலாத் தலங்களின் பட்டியலை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலைகளின் பட்டியலை வையுங்கள். எந்த மாதத்தில் எந்த வேலை, அதை இன்று யார் செய்கிறார், அவருக்கு என்ன வயது, அவருக்குப் பின் யார் என்ற நான்கு விவரங்கள் போதும். சுற்றுலா வருமானத்தில் முதல் பங்கு அந்தப் பட்டியலுக்குச் செல்ல வேண்டும்.


படகுத்துறை

நெல்மணி அவர்கள் வேலையைப் பற்றிச் சொன்னார்கள். நான் வழியைப் பற்றிச் சொல்கிறேன். ஊருக்கு வந்துசேரும் பாதையும் வண்டியும் யார் கையில் இருக்கின்றனவோ, பணமும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் தங்குகிறது.

பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், தகிலே என்ற சிறு தீவு உள்ளது. அங்கே ஆண்கள் ஊசிகொண்டு தொப்பி பின்னுவார்கள். பெண்கள் தறியில் நெய்வார்கள். ஆண்டின் வேளாண்மையையும் சடங்குகளையும் குறிக்கும் உருவங்களை நெய்த இடைக்கச்சை அவர்களுடைய நாட்காட்டியாகவே விளங்குகிறது. 2005-இல் யுனெஸ்கோ இந்த நெசவுக் கலையை மனிதகுலத்தின் செல்வமாக அறிவித்தது.

1970-களில் பயணிகள் வரத் தொடங்கியபோது தீவு மக்கள் செய்தவை இன்றும் படிக்கத்தக்கவை. குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து படகு கட்டினார்கள். பயணிகளைத் தீவுக்கு ஏற்றிவரும் உரிமையைத் தாங்களே பெற்றார்கள். இறங்கிய பயணிகளைக் குடும்பம் குடும்பமாக முறைவைத்துப் பிரித்து அனுப்பினார்கள். ஆகவே, துறைக்கு அருகில் வீடுள்ளவருக்கே எல்லா விருந்தினரும் செல்லும் நிலை ஏற்படவில்லை. நெசவுப் பொருள்களை ஒரு பொதுக் கடையில் நிலையான விலைக்கு விற்றார்கள். ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு விலையைக் குறைக்கும் தேவை இதனால் இல்லாமற்போனது. விடுதி கட்ட வெளியாருக்கு நிலம் கொடுக்கவில்லை.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990-களில் தனியுரிமைகளுக்கு எதிரான புதிய சட்ட விதிகள் நாட்டில் வந்தபோது, படகுப் போக்குவரத்தில் தீவு மக்களுக்கு இருந்த உரிமை பறிபோனது. கரையிலுள்ள புனோ நகரத்து முகவர்கள் தங்கள் படகுகளில் பயணிகளை ஏற்றிவந்து, சில மணி நேரம் காட்டிவிட்டு, அன்றே திரும்ப அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகியது. வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. இரவு தங்குகிறவர்களின் பங்கு குறைந்தது. நெசவும் வீடும் நிலமும் அவர்களிடமே இருந்தன. படகு ஒன்று கைவிட்டுப்போனதும் மற்றவற்றின் பலனும் சுருங்கிவிட்டது.

எனவே வேர்த்தேடல் அவர்களே, உங்கள் ஊருக்கு எது படகு என்பதைக் கண்டுபிடியுங்கள். அது ஒரு வாகனமாக இருக்கலாம். முன்பதிவு செய்யும் இணையதளமாக இருக்கலாம். வழிகாட்டிகளுக்கான உரிமமாகவும் இருக்கலாம்.


கணக்குப்பிள்ளை

படகுத்துறை அவர்கள் சொன்னதைக் கணக்காக மாற்றிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு பயணியின் ஒரு நாள் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரின் கமிஷன், வண்டி வாடகை, வழிகாட்டியின் கூலி, அறை வாடகை, உணவு, வாங்கிய கைவினைப் பொருள் என்று ஒவ்வொன்றாக எழுதி, அந்தந்தத் தொகை அன்றிரவு யார் வீட்டில் தங்குகிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். உணவு ஊரில் சமைக்கப்பட்டிருக்கலாம். அரிசியும் காயும் எங்கிருந்து வந்தன? பொருள் ஊர்க் கடையில் விற்கப்பட்டிருக்கலாம். அது ஊரில் செய்யப்பட்டதா, அல்லது மொத்த வியாபாரியிடமிருந்து பெட்டியில் வந்திறங்கியதா? இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் விளங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 2020-இல் பெருந்தொற்றின்போது உலகளவில் பன்னாட்டுப் பயணிகளின் வருகை 70 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. வயலையும் தறியையும் விட்டுவிட்டு விருந்தினர் அறைகளை மட்டும் நம்பிய குடும்பங்களுக்கு அந்த ஆண்டில் கைகொடுக்க வேறெதுவும் இல்லை. சுற்றுலா ஒரு குடும்பத்தின் இரண்டாவது வருமானமாக இருக்கும்வரை அது துணை. அதுவே முதல் வருமானமாகிவிட்டால் வெளியூரில் நடக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அக்குடும்பம் அஞ்ச வேண்டியிருக்கும். விருந்தினர் வராத மாதங்களை முன்கூட்டியே ஏற்றுத் திட்டமிடுவது நல்லது. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள ஹோட்கா கிராமத்தில், 2001 நிலநடுக்கத்துக்குப் பின், ஊர்க்குழுவே உரிமையாளராக இருந்து நடத்தும் தங்குமிடம் ஒன்று உருவானது. வட்டவடிவ மண்வீடுகளை ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டே கட்டிய அந்த இடம் குளிர்காலப் பருவத்தில்தான் இயங்குகிறது. மற்ற மாதங்களில் கால்நடையும் பூத்தையலும் தொடர்கின்றன.


தூரிகை

இதுவரை எழுதியவர்களின் கருத்துகளை மதிக்கிறேன். ஆயினும், 'விற்பனைக்கு வந்தால் கலை கெடும்' என்ற அச்சம் இந்த இழையில் மெல்லத் தலைகாட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஓவியக் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன்.

ஒடிசாவின் ரகுராஜ்பூரை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஓவியரோ கைவினைஞரோ உள்ள ஊர் அது. ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் அதுவே. 2000-ஆம் ஆண்டில் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு அதைப் பாரம்பரியக் கிராமமாக வளர்க்கத் தேர்ந்தெடுத்தது. அங்கே வரையப்படும் பட்டசித்திரங்களுக்கு இரண்டு வேர்கள் உண்டு. புரி ஜகந்நாதர் நீராட்டு விழாவுக்குப் பின் பதினைந்து நாள்கள் பக்தர்களுக்குக் காட்சி தராத காலத்தில், சிலைகளுக்கு மாற்றாக வழிபடப்படும் ஓவியங்கள் ஒரு வேர். புரிக்கு வந்த யாத்திரிகர்கள் நினைவுப்பொருளாக வாங்கிச் சென்ற 'ஜாத்ரி பட்டி' மற்றொரு வேர். ஆக, வெளியூரிலிருந்து வந்தவருக்கு விற்பது அந்தக் கலைக்குப் புதிதன்று. அதைப் பல தலைமுறைகளாகத் தாங்கியவர்களே வாங்கிச் சென்ற பயணிகள்தாம்.

கெடுப்பது வேறொன்று. துணியைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றவே பல நாள்கள் ஆகும். வெண்மைக்குச் சங்கையும் கருமைக்கு விளக்குப் புகையையும் சிவப்புக்கு இங்குலிகக் கல்லையும் பக்குவப்படுத்த வேண்டும். இப்படி உழைத்துச் செய்த ஓவியத்துக்குப் பக்கத்திலேயே, கடைச் சாயத்தில் அரை நாளில் தீட்டிய ஒன்றை அதே பெயரில் வைத்து, 'எது மலிவு?' என்று பயணியிடம் கேட்டால், முதலாவதைச் செய்கிறவர் எத்தனை காலம் தாங்குவார்? பயணிக்கு வேறுபாடு தெரியாததில் அவர்மீது குற்றமில்லை. அதை அவருக்குக் காட்டும் ஏற்பாடு ஊரில் இல்லாததே குறை. துணி பதப்படுத்தும் திண்ணையில் அவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும். விலையைப் பற்றிய பேச்சே வேறாகிவிடும். புவிசார் குறியீடு ஊருக்கு வெளியே போலிகளுக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்புத் தருகிறது. ஊருக்குள்ளேயே தரம் பிரித்து எழுதி வைக்கும் வழக்கத்தை அது தராது. அதை ஓவியர்களே கூடி ஏற்படுத்த வேண்டும்.

வேர்த்தேடல் அவர்கள் தம் குறிப்பில் ஓர் இடத்தை இதற்கு ஒதுக்க வேண்டும்: எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதைக் கலைஞர்களே முடிவு செய்யட்டும். வழிபாட்டுக்கு வரைவதைப் படமெடுக்க அனுமதிப்பதா என்பதை ஊர்த்தலைவரோ சுற்றுலா அலுவலரோ முடிவு செய்யலாகாது.


வேர்த்தேடல்

எல்லாருக்கும் நன்றி. தூரிகை அவர்களின் மறுப்பு என் எண்ணத்தையே திருத்தியது. விற்பனையை நான் ஒரு தீமையாகவே எழுதி வைத்திருந்தேன்.

அடுத்து வீடுகள். ஊரில் பாதிக்கு அருகில் பூட்டிக் கிடக்கின்றன. வெளியூர் முதலீட்டாளர்கள் சிலர் இப்போதே விலை பேசுகிறார்கள். விற்றுவிட்டால் வீடு பழுது பார்க்கப்படும், ஊருக்கும் பெயர் வரும் என்று ஒரு பிரிவினர் சொல்கிறார்கள். விற்கக் கூடாது என்று மறுபிரிவினர். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுவதால் என்னால் எழுத முடியவில்லை.


கூரைமேல்

ஜப்பானின் கிஃபு மாநிலத்தில், ஷிரகவா-கோ பகுதியில் உள்ள ஒகிமாச்சி ஊர் இந்தக் கேள்வியை 1971-லேயே சந்தித்தது. கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாக உயர்ந்த புற்கூரை வீடுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அந்தக் கூரையின் உள்மாடங்களில் ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். அணைக்கட்டுகளாலும் வெளியேற்றத்தாலும் சுற்றுவட்டாரத்தில் அத்தகைய வீடுகள் வேகமாக மறைந்தபோது, ஊர்மக்களே கூடி மூன்று விதிகளை வகுத்தார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல்தான் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடத் தொகுதியாக அறிவித்தது. உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது 1995-இல். வரிசையைக் கவனியுங்கள். மக்களின் தீர்மானம் முதலில் வந்தது. அரசும் யுனெஸ்கோவும் பிறகு வந்தன.

கூரை வேயும் முறையையும் சொல்லியாக வேண்டும். முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய அந்தப் பெருங்கூரையை ஒரு குடும்பம் தனியே மாற்ற இயலாது. 'யுயி' என்ற கைமாற்று உழைப்பு முறையில் நூறு பேருக்கு மேல் திரண்டு வேய்வார்கள். இன்று உங்கள் கூரை, பின்னொரு நாள் எங்கள் கூரை. இப்போது எல்லாக் கூரைகளும் அப்படி வேயப்படுவதில்லை. கூலிக்கு ஆள்வைத்துச் செய்வதும் அரசு மானியமும் வந்துவிட்டன. ஆயினும் முறை அடியோடு விட்டுப்போகவில்லை. தீ பற்றினால் ஊரே போய்விடும் என்பதால், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஊர் முழுவதும் நீர்பீய்ச்சும் கருவிகளை ஒரே நேரத்தில் இயக்கிச் சோதிக்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் அந்தச் சோதனை நடந்தாக வேண்டும்.

துன்பமும் உண்டு. சில நூறு பேர் வாழும் ஊருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். நெல்வயல்கள் வண்டி நிறுத்துமிடங்களாக மாறின. பிறகு முதன்மை வண்டி நிறுத்தத்தை ஆற்றின் மறுகரையில் அமைத்து, பாலத்தின் வழியே நடந்து வரும்படி செய்தார்கள். குளிர்கால ஒளிவிழாவுக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. வண்டி எங்கே நிற்கும் என்பதைச் சிறிய செய்தியாக எண்ண வேண்டாம். நடந்து வருகிறவர் திண்ணையில் இருப்பவரோடு பேசுவார். பேருந்திலிருந்து சதுக்கத்தில் இறங்குகிறவர் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்.


கணக்குப்பிள்ளை

நண்பர் கூரைமேல் அவர்களோடு ஓரிடத்தில் நான் உடன்படவில்லை. 'விற்பதில்லை' என்ற விதி கேட்பதற்கு உயர்வாக இருக்கிறது. ஆனால் மருத்துவச் செலவுக்கு வேறு வழியில்லாத ஒரு கைம்பெண்ணிடம், அவருடைய ஒரே சொத்தான வீட்டை விற்கக் கூடாது என்று ஊர் சொல்லுமானால், ஊரின் அழகுக்கான விலையை அந்த ஒருவர் மட்டும் செலுத்துகிறார். வசதியுள்ளவர்களுக்கு இந்த விதி எந்தச் சுமையையும் தருவதில்லை, ஏழைக்கே தருகிறது. அவருக்கு ஈடு செய்யும் ஏற்பாடு இல்லாமல் விதியை மட்டும் இயற்றுவது அநீதி என்றே கருதுகிறேன்.


கூரைமேல்

உங்கள் மறுப்பு நியாயமானது. நான் அதை எழுதாமல் விட்டது தவறு. விதியோடு சேர்த்து ஒரு பொது நிதி இருக்க வேண்டும். விற்க நேர்ந்தால் வீட்டை முதலில் ஊர்ச் சங்கத்துக்கே நியாய விலையில் கொடுக்க முன்வர வேண்டும் என்றும், சங்கம் குறித்த காலத்துக்குள் வாங்கவோ வாங்குபவரைக் கண்டுபிடிக்கவோ வேண்டும் என்றும், இயலாவிட்டால் விற்பவருக்கு முழு உரிமை திரும்பிவிடும் என்றும் எழுதலாம். பூட்டிய வீடுகளைப் பொறுத்தவரை விற்பனைக்கு மாற்றும் உள்ளது. இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியில் 1976 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆளில்லாத ஊர்களை என்ன செய்வது என்ற தேடலில், ஜான்கார்லோ தல்லாரா என்பவர் வளர்த்தெடுத்த 'சிதறிய விடுதி' என்ற கருத்து அது. புதுக் கட்டடம் எதுவும் எழுப்பாமல், ஊரெங்கும் உள்ள வெற்று வீடுகளே அறைகளாகின்றன. வரவேற்பறை ஒரு வீட்டில், உணவுக்கூடம் மற்றொரு வீட்டில். உரிமையாளர் வெளியூரிலிருந்தே குத்தகைத் தொகை பெறலாம். வீட்டின் உரிமை கைமாறாது. ஆனால் அதற்கு உயிர்ப்புள்ள அண்டை வீடுகள் தேவை. எல்லா வீடுகளும் அறைகளாகிவிட்டால் அது விடுதியாகவே முடிந்துவிடும்.

சீனாவின் லிஜியாங் பழைய நகரம் 1997-இல் உலக மரபுப் பட்டியலில் ஏறிய பிறகு, அங்கே வாழ்ந்த நாஷி மக்களில் பெரும்பகுதியினர் வீடுகளை வெளியூர் வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டு வெளியேறினார்கள். அவர்களை யாரும் விரட்டவில்லை; நல்ல வாடகை கிடைத்தது, போனார்கள். கட்டடங்கள் பொலிவாக நிற்கின்றன. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன நீதியையும் லிஜியாங் சொல்லும் பாடத்தையும் ஒரே விதியில் முழுமையாகப் பொருத்த முடியும் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் கண்முன் வைத்துக்கொண்டு ஊரே கூடி விவாதிக்க வேண்டும்.


நெல்மணி

அளவைப் பற்றி ஒரு பழைய விதி நினைவுக்கு வருகிறது. பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டும் சுவிட்சர்லாந்தின் டோர்பெல் ஊரில், 1517-இலேயே ஓர் ஒழுங்கு இருந்தது. குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளை ஒருவர் காக்க முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டையும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. ஹோம்ஸ்டே அறைகளுக்கும், அதாவது ஊர் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் அறைகளுக்கும், இதே போன்ற ஒழுங்கை வைக்கலாம். வேலைப் பட்டியலில் உள்ள பொதுவேலைக்கு ஒரு குடும்பம் எத்தனை நாள் உழைப்புத் தருகிறதோ, அதற்கேற்பவே அக்குடும்பத்துக்கு விருந்தினர் முறை. பணமுள்ளவர் பத்து அறை கட்டி எல்லாரையும் ஈர்த்துக்கொள்வதை இது தடுக்கும்.


அகல்விளக்கு

இழையை முதலிலிருந்து படித்தேன். உழைப்பைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள்; பெண்களின் உழைப்பைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதைக் குறையாகச் சொல்லாமல், சேர்க்க வேண்டியதாகச் சொல்கிறேன்.

ஹோம்ஸ்டே என்றால் விடியுமுன் எழுந்து வெந்நீர் வைப்பவர், படுக்கை விரிப்பைத் துவைப்பவர், கூடுதலாக நான்கு பேருக்குச் சமைப்பவர் அந்த வீட்டுப் பெண். விருந்தினரோடு உட்கார்ந்து ஊர்க்கதை சொல்பவரும் பணத்தை வாங்கி வைப்பவரும் பெரும்பாலும் வீட்டு ஆண். வங்கிக் கணக்கு யார் பெயரில் என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. விருந்தினரை ஏற்பதா, இந்த வாரம் வேண்டாமா என்று சொல்லும் உரிமை சமைப்பவருக்கு இருக்க வேண்டும். நோயும் மகப்பேறும் துக்கமும் உள்ள வீட்டுக்கு முறை வந்தால், முறையை இழக்காமல் தள்ளிப்போடவும் வழி வேண்டும்.

மற்றொன்று, யாருடைய பாரம்பரியம் என்ற கேள்வி. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் விஸ்க்ரி என்ற ஊர் உள்ளது. அதன் கோட்டைத் தேவாலயம் 1999-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஊரைக் கட்டிய, ஜெர்மன் மொழி பேசும் சாக்சன் மக்களில் பெரும்பாலோர் 1989-க்குப் பின் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். எஞ்சி வாழ்பவர்களில் ருமேனியர்களும் ரோமா மக்களும் அதிகம். வீடுகளைப் பழைய முறையில் செப்பனிடத் தேவையான தச்சும் கொத்தும் உள்ளூர் மக்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பெண்கள் பின்னும் கம்பளிக் காலுறைகள் ஊரின் அடையாளமாகிவிட்டன. யார் கட்டியது என்பதோடு, இன்று யார் காக்கிறார்கள் என்பதையும் பயணிக்குச் சொல்ல வேண்டிய கடமை வழிகாட்டிக்கு உண்டு என்பதை நான் அங்கிருந்து கற்றேன்.

ஏறத்தாழ எல்லா ஊர்களிலும் காட்டப்படுவது பெரிய வீடு. அந்த வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்துப் பூசியவர், துணி வெளுத்தவர், தண்ணீர் சுமந்தவர் வாழ்ந்த தெரு வரைபடத்திலேயே இருப்பதில்லை. அந்தத் தெருவின் மக்கள் விரும்பினால் மட்டும், அவர்கள் சொல்கிறபடி மட்டும், அவர்களுடைய கதையும் சொல்லப்பட வேண்டும். வருமானத்திலும் முடிவெடுக்கும் குழுவிலும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். பழைய ஏற்றத்தாழ்வை அழகிய காட்சியாக்கி விற்பதற்கு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.


தூரிகை

அகல்விளக்கு அவர்கள் எழுதிய கடைசிப் பத்தியை அப்படியே வழிமொழிகிறேன். குழுவில் பெயரளவுக்கு ஒருவரைச் சேர்ப்பது போதாது. கூட்டம் நடக்கும் நேரமும் இடமும் அவர்கள் வரத்தக்கதாக இருக்க வேண்டும். மாலை விளக்கேற்றும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று எழுதும் அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.


வேர்த்தேடல்

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். நெல்மணி அவர்கள் சொன்ன வேலைப் பட்டியலை ஊரிலேயே தயாரித்தோம். தூரிகை அவர்களின் அறிவுரைப்படி கூட்டத்தை முற்பகலில் வைத்தோம். மூன்று தெருக்களிலிருந்தும் வந்தார்கள். பட்டியலில் முப்பத்தொரு வேலைகள் சேர்ந்தன. அவற்றுள் ஏழு வேலைகளுக்கு ஊரில் ஒரே ஒருவர்தான் மிச்சம். ஏரியின் மதகைத் திறந்து ஒவ்வொரு வயலுக்கும் நீரை அளந்து விடுகிறவர் அவர்களில் ஒருவர். அவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் எதையும் எழுதி வைத்ததில்லை. கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது, வீடு விற்பதைப் பற்றிப் பேச வந்தவர்களும் நெடுநேரம் அமர்ந்திருந்தார்கள். வீட்டு விதியில் முடிவு எட்டப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். கூரைமேல் அவர்கள் எழுதிய முதல்வாங்கும் உரிமையைப் படித்துக் காட்டினேன். பொது நிதிக்கு முதல் தொகை எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். என்னிடம் விடையில்லை.

விருந்தினரை ஏற்பது இந்த ஆண்டு வேண்டாம் என்று முடிவாகியுள்ளது. நீர் விடும் பெரியவரோடு இரண்டு இளைஞர்கள் ஒரு பருவம் முழுவதும் கூடவே இருந்து கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கான கூலியை வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் பகிர்ந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழை தொடங்குமுன் மதகைச் செப்பனிட வேண்டும் என்று பெரியவர் சொல்லியிருப்பதால், வேலை வரும் வாரம் தொடங்குகிறது.